பொறியின் வயிற்றிற் புகுந்த புறப்பொருள்கள்

புறப்பொருள் என்றவுடன் நம் வகுப்பு நண்பர்கள் ஐயனாரிதனாரையும் அவரது வெண்பாமாலையையும் நினைந்து, வெட்சிப் பூவைத் தேடப் புகுதல் கூடும். ஈண்டு யான் கூறவந்த புறப்பொருள் அஃதன்று. பழைய மோட்டார்க் காரின் எஞ்சினைப் பல்லாண்டு கழித்துத் திறக்குங்கால், அதனுள்ளே இருக்கவேண்டாத பொருள்கள் சில வெளிப்படுவதுண்டு. மணல், ஆணி, கம்பித் துண்டு, கந்தைத் துணி, தோல்வார், மரத்தூள், எலிக்கூடு, வாதுமைக் கொட்டை என அவை பலதிறப்படும். அவற்றையே புறப்பொருள் என்கின்றேன்.

தமிழ் பயில்வானுக்கும் எஞ்சினுக்கும் என்ன உறவு என வினவுவார்க்கு விடை ஒன்று உண்டு. பழைய ஏடுகளைப் பதிப்பிப்போர், இது நூலாசிரியன் வாக்கு, இஃது ஏடெழுதினோன் பிழை, இது பின்வந்தோன் இடைச்செருகல், இது செல்லரித்த இடம் எனப் பகுத்துக் காண்பர். பழைய எஞ்சினைத் திறக்கும் மெக்கானிக்கின் தொழிலும் அதுவே. வார்த்தவன் விட்டது எது, ஓட்டினவன் இட்டது எது, பழுது பார்த்தவன் மறந்தது எது, உயிரினம் கொணர்ந்தது எது என அவன் பிரித்தறிதல் வேண்டும். பதிப்பாசிரியன் தவறினால் நூலுக்கு ஓர் அடி கெடும். மெக்கானிக் தவறினால் எஞ்சினே கெடும்.

எஞ்சின் நாற்புறமும் மூடிய இரும்புப் பெட்டியாயிற்றே, அதனுட் பிறபொருள் புகுவது எங்ஙனம் என ஐயுறலாம். அது மூடிய பெட்டியன்று. மூச்சு விடும் பெட்டி. 1876-இல் ஜெர்மனியில் நிக்கலாஸ் ஆட்டோ என்பார் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையையே பெரும்பாலான பெட்ரோல் கார்கள் பின்பற்றி வருகின்றன. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உறிஞ்சுதல் முதல் வீச்சு. மேலேறி அவற்றை நெருக்குதல் இரண்டாவது. பிளக்கில் தோன்றும் தீப்பொறியால் அவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுதல் மூன்றாவது. மீண்டும் மேலேறிப் புகையை வெளியே போக்குதல் நான்காவது. ஆகவே காற்றுக்கு ஒரு வாயும் புகைக்கு ஒரு வாயும் இன்றியமையாதன. இவற்றோடு ஆயில் ஊற்றும் வாய், ரேடியேட்டரில் நீர் வார்க்கும் வாய், பிளக்கைத் திருகும் துளை ஆகியவற்றையும் கூட்டினால் ஐந்து வாயில் உள்ள வீடாயிற்று. ஆறாவது வாயில் ஒன்றும் உண்டு. அஃது எஞ்சின் பிறந்த நாளில் திறந்திருந்து பின்னர் அடைக்கப்பட்டது. இக்கட்டுரையில் யான் மிகுதியாகப் பேச விரும்புவது அவ்வாயிலைப் பற்றியே.

அதன்முன், சிறுபொருள் ஒன்று பெருங்கேட்டை விளைப்பது எவ்வாறு என்பதைச் சொல்லிவிடுகின்றேன். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 50 முறை மேலேறி இறங்குகின்றது. மேலேறிய நிலையில் அதற்கும் தலைமூடிக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. அவ்விடத்தே ஒரு சிறு நட்டு அகப்பட்டுக்கொண்டால், கொல்லன் உலைக்களத்துச் சம்மட்டியடியாவது மூச்சு வாங்க இடந்தரும், இவ்வடி இடந்தராது. அலுமினியப் பிஸ்டன் மென்மையானது. ஆதலின் நட்டின் ஆறு மூலையும் அதன் தலையிற் பதிந்துவிடும். நட்டு எங்கோ போயொழிந்த பின்னரும், பதிந்த அச்சைக் கண்டு இன்ன அளவுள்ள நட்டு எனத் தேர்ந்த மெக்கானிக் கூறிவிடுவான். நீர் இன்னும் கொடியது. காற்று நெருங்கிக் கொடுக்கும், நீர் கொடாது. கேஸ்கெட்டின் ஓட்டை வழியாகச் சிலிண்டருள் நீர் நிரம்பியிருக்க, அதனை அறியாதவன் எஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் எஃகுத் தண்டு வளைந்து போகும்.

இனி, ஆறாவது வாயில். 1932-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டனர். நான்கு நான்காக இரு வரிசையிற் சிலிண்டர்களைச் சாய்த்து அமைத்த அதனை வி-எட்டு என்ப. அவ்வமைப்பு அதற்கு முன்னும் இருந்தது. 1914-இலேயே காடிலாக் கம்பெனியார் அதனை விலையுயர்ந்த கார்களுக்குச் செய்தனர். ஆயின் அவர்கள் சிலிண்டர்களை நான்கு நான்காக இரு வேறு வார்ப்புகளாக வார்த்து, அடியிலுள்ள பெட்டியோடு போல்ட்டுகளாற் பிணைத்தனர். ஹென்றி ஃபோர்டு விரும்பியது வேறு. சற்றேறக்குறைய 500 டாலர் விலையுள்ள காரில் எட்டுச் சிலிண்டர் வரவேண்டும். அதற்கு எஞ்சினின் உடல் முழுதும் ஒரே வார்ப்பாக இருத்தல் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். டியர்பார்ன் நகரில், எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தைப் பெயர்த்துக்கொணர்ந்து நிறுத்திய கட்டடத்துள்ளே சிலரை மறைவாக இருத்தி, அவர் அதனை வரைவிக்கலானார். முடிவில் எழுந்த எஞ்சின் 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடையது.

ஒரே வார்ப்பு என்பதைச் சொல்லுதல் எளிது, செய்தல் எளிதன்று. இரும்பை உருக்கி அச்சில் வார்த்தால் கிடைப்பது கட்டி இரும்பே. எஞ்சினோ உள்ளே வெற்றிடம் நிறைந்தது. எட்டுச் சிலிண்டரின் துளைகள், அவற்றைச் சூழ்ந்து நீர் ஓடும் அறைகள், காற்றும் புகையும் செல்லும் வழிகள் ஆகிய இவ்வெற்றிடங்களையெல்லாம் வார்ப்பின்போதே உண்டாக்க வேண்டும். அதற்காக வெற்றிடம் எவ்வடிவில் வேண்டுமோ அவ்வடிவில் மணலால் உருவங்கள் செய்து அச்சினுள்ளே வைப்பர். தொழிலாளர் இதனைக் கோர் என்பர். ஆளிவிதை எண்ணெய் போன்றதொரு பிசினைக் கூட்டிப் பிசைந்து, அடுப்பிற் சுட்டெடுத்தால், மணல் பிஸ்கோத்துப் போல் இறுகி நிற்கும். மெலிந்து நீண்ட பகுதிகள் முறியாதபடி அவற்றுள்ளே இரும்புக் கம்பிகளைப் புதைப்பதும் உண்டு. உருகிய இரும்பு இம்மணலுருவங்களைச் சூழ்ந்து இறுகும். அதன் வெம்மையாற் பிசின் எரிந்து, மணல் உதிர்ந்துபோகும் நிலையை அடையும். பிறகு வார்ப்பைக் குலுக்கியும் தட்டியும் மணலை வெளியேற்ற வேண்டும். வெளியேறுவதற்கென்று பக்கங்களிலே வட்டத் துளைகளை விட்டிருப்பர். மணல் நீங்கியதும் அத்துளைகளைத் தகட்டு வில்லைகளால் அடைப்பர். யான் முன்னே கூறிய ஆறாவது வாயில் இதுவே.

இவ்வில்லைகளைப் பற்றிப் பரவியுள்ள தவறான எண்ணம் ஒன்றை ஈண்டுக் குறித்தல் தகும். குளிர்நாட்டார் இவற்றைப் பனிக்காப்பு என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். நீர் உறைந்து பனிக்கட்டியாகுங்கால் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். அப்பொழுது வில்லை தெறித்து எஞ்சினை வெடியாமற் காக்கும் என்பது அப்பெயரின் கருத்து. சிற்சில வேளை அங்ஙனம் நிகழ்வதும் உண்டு. ஆயினும் வில்லை இருந்த இடத்தில் இருக்க எஞ்சின் வெடித்ததும் பலகால் நிகழ்ந்தது. அவை அமைந்தது மணலை வெளியேற்றுதற்கே. காரணப்பெயர் என்று கருதப்படுவன எல்லாம் உண்மைக் காரணத்தைச் சொல்வனவல்ல என்பதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளலாம்.

ஃபோர்டு எஞ்சினில் இம்மணல் முற்றும் வெளியேறவில்லை. வேண்டுமென்று விட்டதன்று. நீரறைகள் குறுகிக் கோணலாக அமைந்தமையால், எத்துணைக் குலுக்கினும் மூலை முடுக்குகளிற் சிறிது தங்கிவிட்டது. எஞ்சின் சோதனையில் நன்றாகவே ஓடியது, விலையாயிற்று, ஊர்களெங்கும் சென்றது. உள்ளே இருந்த மணலோ தன் வேலையை மெல்லத் தொடங்கிற்று. ரேடியேட்டரில் ஊற்றிய நீரின் சுண்ணாம்பும், இரும்பின் துருவும் மணலோடு கலந்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் காரைபோல் இறுகின. காரை படிந்த இடத்தில் நீர் சிலிண்டரின் சுவரைத் தொடுவதில்லை. தொடாத இடத்தில் வெம்மை ஆறுவதில்லை. ஆறாத இரும்பு பிளப்பதுண்டு. வால்வு அமரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் இடையே மயிர்போன்ற பிளவு தோன்றுதல் இவ்வகை எஞ்சின்களிற் பலரும் கண்ட நோய்.

அவ்வெஞ்சின் மிகுதியாகச் சூடேறும் இயல்பினது என்பது அக்காலத்தே ஊரறிந்த செய்தி. அதன் முதற்காரணம் மணலன்று. வால்வுகள் இரு வரிசைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இருந்தமையின், எரிந்த புகை சிலிண்டர்களின் இடையே நீரறைகளைக் கடந்து வெளிப்பக்கம் போகவேண்டியதாயிற்று. குளிர்விக்க வேண்டிய நீரைப் புகையே காய்ச்சிற்று. இஃது அதன் பிறவிக்குணம். மணலோ பிறவியிலே பட்ட அழுக்கு. குணத்தை மாற்ற இயலாது; அழுக்கைக் கழுவ இயலும். இவ்விரண்டையும் வேறு பிரியாதவர்கள் ரேடியேட்டரை மாற்றினர், விசிறியை மாற்றினர், பம்பை மாற்றினர், ஓட்டுபவனைக்கூட மாற்றினர் என்றால் மிகையாகாது. அமெரிக்கக் கார்களில் இவ்வெஞ்சின் 1953 வரை வந்தது. இன்றும் அதனைப் போற்றிப் பழுது தீர்ப்போர் அந்நாட்டிற் பலர். அவர்கள் அதன் உடலைத் தலைகீழாய்க் கவிழ்த்துத் தட்டும்போது, வார்ப்புச் சாலை மணலும், அம்மணலினுட் புதைத்த கம்பியும், துருவும் கை நிறைய விழுகின்றன. இரும்பு வார்த்தவன் மறைந்து பல்லாண்டு ஆயின. அவன் கையால் அழுத்திய மணல் அழுத்தியபடியே இருக்கின்றது.

இதற்கு முன்னோடியாகிய டி வகை ஃபோர்டின் வயிற்றிற் கிடைப்பது வேறு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வகையிற் செய்யப்பட்டன. அதில் ஆயிலை உந்தும் பம்பு கிடையாது. சுழலும் பெரிய சக்கரம் ஆயிலை வாரி மேலே தெளிக்கும். அதனைப் புனல்போன்ற வாய் ஏந்தி, ஒரு சிறு குழாய் வழியே முன்பக்கத்துப் பேரிங்குக்கு அனுப்பும். வேகத்தை மாற்றும் பகுதியும் அதே ஆயிலில்தான் குளித்துக்கொண்டிருக்கும். அப்பகுதியில் உருளைகளை இறுகப் பற்றும் எஃகுப் பட்டைகளுக்கு உட்புறத்தே பருத்தி நெய்த நாடாவை வைத்திருந்தனர். மிதிகட்டையை மிதிக்குந்தோறும் நாடா தேயும். தேய்ந்த பஞ்சு ஆயிலில் மிதக்கும். மிதந்த பஞ்சு புனலின் வாயிற் சென்று அடையும். ஆயில் வற்றிய பேரிங்கு எரியும். பொறியின் ஆடையே பொறியின் தொண்டையை அடைத்தது என்னலாம். இதனை அறிந்தோர் புனலின் முன்னே நுண்வலையைப் பொருத்திக்கொண்டனர்.

எரிந்த பேரிங்குக்கு என்ன செய்வது? அது வெள்ளீயம் மிகுந்த கலப்பு உலோகம். 1839-இல் ஐசக் பாபிட் என்பார் கண்ட முறையைச் சார்ந்தது. வெள்ளீயம் 232 பாகை வெம்மையில் உருகும். பட்டறை இல்லாத பாலைவெளியில் அஃது உருகிப்போனால், வண்டிக்காரன் தன் இடுப்பு வாரை அறுத்து, அத்தோலை ஆயிலில் தோய்த்து, பேரிங்கின் இடத்தில் வைத்துச் சுற்றி முடுக்கிக்கொண்டு வீடு சேர்ந்தான் எனச் செவிவழிச் செய்தி உண்டு. பன்றியிறைச்சியின் தோலை வைத்தவனும் உண்டென்பர். மெல்ல ஓட்டினால் ஆயில் ஊறிய தோல் சிறிது தொலைவு தாங்கும் என்பது பொருந்தக் கூடியதே. வீடு சேர்ந்தவன் தோலை எடுத்துவிட்டுப் புதிய பேரிங்கு வார்ப்பித்தானா என்பதுதான் கேள்வி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை வார் அங்கேயே இருக்கட்டும் என்று விடுதல் மனித இயற்கை. அந்த இயற்கையினாலேயே பிற்காலத்தார்க்கு விந்தைகள் கிடைக்கின்றன.

பழுது பார்ப்பவன் மறந்துவிடும் பொருள்களுட் கந்தைத் துணிக்கே முதலிடம். கார்புரேட்டரைக் கழற்றியவுடன் திறந்துகிடக்கும் வாயிலே தூசி விழாதபடி துணியைத் திணிப்பது நல்ல வழக்கம். திணித்ததை எடுக்க மறப்பது அவ்வழக்கத்தின் மறுபாதி. காற்று வாயிலுள்ள துணி எஞ்சினைத் திணறச் செய்யும், அன்றே வெளிப்பட்டுவிடும். அடியிலுள்ள சம்ப் என்னும் ஆயில் தொட்டியில் விட்ட துணி அங்ஙனமன்று. அது பல நாள் ஆயிலில் ஊறிக்கிடந்து, ஒரு நாள் பம்பின் வலையை மூடும், ஆயில் ஏறாது, சிறிது நேரத்திற் பேரிங்குகள் உருகும். நட்டும் வாஷரும் விழுவது கை நழுவலால். அவற்றுக்குக் காந்தம் உண்டு. துணிக்குக் காந்தம் இல்லை.

விடுமுறையில் யானே கண்டதொன்றையும் சொல்லலாம். ஒரு சிறு பட்டறையில் பழைய அம்பாசடர் ஒன்றின் சம்ப்பைக் கழற்றினார்கள். ஆயில் வலையைச் சுற்றி இரப்பர்போன்ற சிவப்புத் துணுக்குகள் புழுக்களைப்போல் ஒட்டியிருந்தன. "தம்பி, இது என்னவென்று தெரிகிறதா?" என்று முதிய மெக்கானிக் கேட்டார். "கேஸ்கெட்டுக்குப் பூசும் பசை. பட்டாணி அளவு போதும் என்ற இடத்தில் எவனோ பட்டை பட்டையாய்ப் பூசியிருக்கிறான். இறுக்கும்போது பாதி வெளியே பிதுங்கும், பாதி உள்ளே பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டான். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது?" அவர் ஒவ்வொரு துணுக்கையும் எடுத்துத் தாளின்மேல் வரிசையாக வைத்தார். கார் உடையவர்க்குக் காட்டாமல் எறியக்கூடாதாம். முன்னே பழுது பார்த்தவர்க்குக் கொடுத்த கூலியையும் இப்பொழுது கொடுக்கும் கூலியையும் உடையவர் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்பது பின்னர்த் தெரிந்தது.

மறதியால் விழுந்தவை இவை. வஞ்சனையால் இட்டவையும் உண்டு. பல்தேய்ந்த கியர்ப்பெட்டி ஓடும்போது ஊளையிடும். அதிலுள்ள ஆயிலோடு மரத்தூளைக் கலந்தால் ஊளை சிறிது காலம் அடங்கும். அதற்குள் வண்டியை விற்றுவிடலாம். ஆங்கில எழுத்தாளர் ரோல்டு டால் 1988-இல் வெளியிட்ட மட்டில்டா என்னும் சிறுவர் நாவலில், பழைய கார் விற்கும் தந்தை இந்தத் தந்திரத்தைத் தன் மகனுக்குப் பெருமையோடு கற்பிப்பதாக வரும். மரத்தூள் பல்லுக்குப் பல் நசுங்கி, ஆயிலைக் கூழாக்கி, ஆயில் செல்லும் இடுக்குகளை அடைத்துவிடும். வாங்கினவன் பெட்டியைத் திறக்கும் நாளில் விற்றவன் அவ்வூரில் இரான்.

ஒழுகும் ரேடியேட்டரில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுவதும், மிளகுத்தூளையோ கடுகுத்தூளையோ இடுவதும் இத்தகையவே எனினும், இவற்றை வஞ்சனை என்று முழுதும் தள்ள மனம் வரவில்லை. நடுவழியில் நின்றவனுக்கு அவை உண்மையாகவே உதவும். வெந்நீரில் முட்டைக்கரு இறுகுவதை அடுக்களையில் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஓட்டை வழியே கசியப் புகும் கரு அவ்விடத்தே இறுகி அடைத்துக்கொள்ளும். ஆயின் ஓட்டையை மட்டும் அடை, மற்ற நுண்குழாய்களை அடையாதே என்று முட்டைக்கு யார் சொல்வது?

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் தொட்டியிற் சர்க்கரையைக் கொட்டினால் அது கரைந்து சென்று எஞ்சினைப் பாகாக இறுக்கிவிடும் என்ற கதை உலகெங்கும் உண்டு. சர்க்கரை பெட்ரோலிற் கரையாது. அது மணலைப்போல் அடியிற் படிந்து, மிகுந்தால் வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் நின்றுபோகலாம், இறுகிப்போவதில்லை.

இனி, அழையாமல் வரும் விருந்தினர். பல மாதம் ஓடாமல் நிற்கும் கார், இருண்டு, உலர்ந்து, மழை படாத இடம். எலிக்கு அதனினும் சிறந்த மாளிகை வேறில்லை. இருக்கையின் பஞ்சையும் நாரையும் கொறித்துக் காற்று வடிகட்டியின் கூட்டிலே மெத்தை போட்டுக்கொள்ளும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் துளையை மூடாமல் விட்டவர்கள், சிலிண்டருக்குள்ளேயே எலி குடித்தனம் நடத்தியதைக் கண்டிருக்கின்றனர். கூட்டினால் வரும் கேடு சிறிது. எலியின் மூத்திரத்தால் வரும் கேடு பெரிது. அதன் உப்பு சிலிண்டரின் பளபளப்பான சுவரை அரித்துக் குழிசெய்துவிடும். அணில் கூடு கட்டுவதோடு நில்லாது, களஞ்சியமும் வைக்கும். 2021-இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில், ஒரு சிவப்பு அணில் ஒரே வண்டியின் பானெட்டுக்கு அடியிலும் இடுக்குகளிலுமாகச் சேர்த்த கரு வாதுமைக் கொட்டைகளை எடுத்தளந்தபோது 42 காலன், அஃதாவது ஏறத்தாழ 160 லிட்டர் இருந்தன.

எலியும் அணிலும் நிழலை நாடி வந்தவை. பெட்ரோலையே நாடி வந்த உயிர் ஒன்று உண்டெனின் நம்புவது அரிது. 2011-இல் மாஸ்டா கம்பெனியார் வட அமெரிக்காவில் விற்ற கார்களுள் ஏறத்தாழ 65,000-ஐத் திரும்ப அழைத்தனர். காரணம் சிலந்தி. மஞ்சள் நிறமுடைய ஒருவகைச் சிலந்திக்குப் பெட்ரோலின் மணம் இனிது போலும். அது தொட்டியோடு இணைந்த காற்றுக் குழாயிற் புகுந்து வலை பின்னிற்று. குழாய் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டியினுட் காற்றழுத்தமும் குறைந்து, தொட்டி உட்குழிந்து வெடிக்கக்கூடும். பெட்ரோல் கசிந்தால் தீப்பற்றவும் கூடும். சிலந்தி புகாதபடி குழாயின் வாயில் ஒரு சுருள்கம்பியைப் பொருத்தினர். 2014-இல் அக்கம்பெனியார் மீண்டும் ஏறத்தாழ 42,000 கார்களை இதே சிலந்தியின் பொருட்டு அழைக்க நேர்ந்தமையால், யார் வென்றார் என்பதை வாசகர் துணிக.

கண்ணுக்கு விந்தையாகத் தோன்றாத, ஆனால் எல்லாவற்றினும் கொடிய புறப்பொருள் ஒன்று பழைய எஞ்சின்களின் உள்ளே உண்டு. அது வெளிர்சாம்பல் நிறமுள்ள மெல்லிய பொடி. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர், காரீயத்தைச் சேர்ந்த ஒரு நீர்மத்தைப் பெட்ரோலிற் சிறிது கலந்தால் எஞ்சினின் தட்டோசை அடங்கும் எனக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. எரிந்த காரீயம் வால்விலும் பிளக்கிலும் படியாதிருக்க, அதனைப் புகையோடு போக்கும் மற்றொரு மருந்தையும் உடன் சேர்த்தனர். மருந்து பெரும்பகுதியைக் காற்றில் விட்டது. குழந்தைகளின் மூச்சில் விட்டது என்பதே சரி. எஞ்சிய சிறுபகுதி எஞ்சினிலும் ஆயிலிலும் படிந்தது. கார்களுக்கு அத்தகைய பெட்ரோல் விற்பது 2021-இல் அல்ஜீரியாவோடு உலகெங்கும் ஒழிந்தது. ஆயின் அதற்கு முன்னே ஓடி நின்ற எஞ்சினைத் திறப்பவன் கைக்கு அப்பொடி இன்றும் வருகின்றது. காற்றடித்தோ உலர்ந்த துரிகையால் தேய்த்தோ அதனைப் பறக்கவிடாமல், நனைத்துத் துடைத்தெடுத்து, கை கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும். பல பட்டறைகளில் வெறுங்கையாலும் வாயால் ஊதியும் செய்யும் வேலை இது.

ஃபோர்டின் மணலை எங்ஙனம் நீக்குகின்றனர் என்பதைச் சொல்லாமல் விட்டேன். எஞ்சினின் உடலைக் கழற்றி, ஆறாவது வாயிலின் வில்லைகளை எடுத்துவிட்டு, காரநீரிற் பலமணி நேரம் கொதிக்கவைப்பர். பின்னர் வளைந்த கம்பிகளைத் துளைதோறும் விட்டுக் குத்திக் கிளறி, அழுத்தமான நீரால் அலசுவர். கவிழ்த்துத் தட்டுவர், மீண்டும் அலசுவர். எல்லாம் போயிற்று என்று துணிந்து எஞ்சினைக் கூட்டி முடித்த பின்னும் ஓர் ஐயம் நிற்கும். புதிய சூட்டிலும் புதிய அதிர்ச்சியிலும் ஒட்டிக்கிடந்தவை இளகி வந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடக்கூடும். ஆதலின் எஞ்சினிலிருந்து வெந்நீர் ரேடியேட்டருக்குச் செல்லும் மேல்குழாயின் வாயிலே பெண்டிர் அணியும் மெல்லிய நைலான் காலுறையின் ஒரு துண்டை வைத்துக் கட்டுவர். சிறிது தூரம் ஓட்டியபின் குழாயைக் கழற்றி, உறையில் தங்கியதைக் கொட்டுவர். முதன்முறை ஒரு கரண்டித் துருவும் மணலும் இருக்கும். அடுத்த முறை பாதி. அதற்கடுத்த முறை சில பருக்கை. உறை வெறுமையாய் வரும் நாளில் அதனையும் எடுத்துவிட்டுக் குழாயை இறுக்கிவிடுவர். எடுக்க மறந்தவர்களும் இல்லாமல் இல்லை.